ஒற்றைப் பயணிக்கு ஒரு கட்டுக் கயிறு

வீரசோழன் கிராமத்து ஷர்மிளா பானு கார் ஓட்டக் கற்றதே, வளைகுடாவிலிருந்து வரும் சொந்தக்காரர்களை மதுரை விமான நிலையத்திலிருந்து அழைத்துவரத்தான். சொந்தமாகக் கார் வாங்கியபின் அவளுக்கு வந்த முதல் வாடகைச் சவாரி, அங்கிருந்து டவுன் ஓட்டலுக்கு. பயணி ஒரே ஒருவர்.

காலையிலேயே காரின் மேல் கேரியரை மாட்டினாள். ஒரு கட்டுக் கயிற்றையும், தூக்குவாளியில் இடியாப்பத்தையும் தேங்காய்ப்பாலையும் எடுத்து வைத்தாள்.

"ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்புட்டுக் கயிறு?" என்று கணவன் ரபீக் சிரித்தான்.

"பிளேன்ல வாரவுக வெறுங்கையோடயா வருவாக? நீங்க சவுதியில இருந்து வந்தப்ப ஆறு பெட்டிய மேல ஏத்திக் கட்டுனது யாரு?" என்று எரிந்து விழுந்தாள்.

சென்னையிலிருந்து வந்திறங்கிய பெண்மணியின் தோளில் ஒரு சின்னப் பை மட்டும் தொங்கியது. அவர் கேரியரையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னும் யாராவது வராங்களா?"

பானுவுக்கு முகம் சுண்டிப்போனது. "இல்லம்மா. எங்க ஊர்ல பிளேன்ல வாரவுக வெறுங்கையோட வரமாட்டாக. அந்த நெனப்புல கொண்டாந்துட்டேன்" என்றவள், பழக்கதோஷத்தில் தூக்குவாளியையும் நீட்டிவிட்டாள். "பசியோட வந்திருப்பீக, மொதல்ல சாப்பிடுங்க."

ஓட்டல் வாசலில் கார் நின்றபோது வாளி காலியாக இருந்தது.

"நாளன்னைக்குத் திரும்பிப் போறப்பவும் நீங்கதான் வரணும்" என்றார் அந்தப் பெண்மணி.

"வாரேம்மா. கயிறு, கேரியர் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு வாரேன்."

"ஐயோ, கயிறு இருக்கட்டும். போறப்போ நான் மட்டும் வெறுங்கையோடவா போவேன்?"