தங்கமணிக்குப் பிடிக்காத முகம்

தங்கமணி இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு புதுக் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். காரின் மேல் சிவப்புத் துணி போர்த்தியிருந்தது. வாங்க வந்த குடும்பம் வரிசையாக நின்று, யார் துணியை இழுப்பது என்று பேசிக்கொண்டிருந்தது. போனில் அவள் கணவர் குமாரசாமியின் பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் ஒதுங்கி எடுத்தேன். “போயிட்டா ஹேமா” என்றார். “இப்பத்தான்.” “சரிங்கண்ணா, வர்றேன்” என்றேன். திரும்பி வந்து துணியின் முனையை அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்தேன். இழுத்தார்கள், கை தட்டினார்கள். அட்டையில் செய்த பெரிய சாவியைக் கொடுத்தோம். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியது. என்னையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரித்திருக்கிறேன். நம் ஷோரூமில் வேலை பார்த்தவர்களுக்கு அது எப்படி என்று சொல்லவேண்டியதில்லை.

இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவளோடு அங்கே கார் விற்றவர்கள். மீதிப் பேர் அவளிடம் கார் வாங்கியவர்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே வேலை, பக்கத்துப் பக்கத்து மேஜை. அவள் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி இந்தக் கன்னட ஊரின் விஜயநகர்ப் பகுதிக்கு வந்தவள். நான் இதே ஊரின் மண்டி மொஹல்லாவிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் அவள் பேச்சில் கொங்கு வாடை ஏறும். எனக்குக் கன்னடம் முந்திக்கொண்டு வரும்; ‘சும்மா’ என்பது ‘சும்னே’ ஆகிவிடும். அப்படித்தான் நாங்கள் சண்டை போட்டோம். சண்டை பெரும்பாலும் கார்களின் தோற்றத்தைப் பற்றியதாகவே இருந்தது.

முதல் சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு புது மாடல் வந்து இறங்கியது. மெல்லிய கோடு போல இரண்டு விளக்குகள், அவற்றுக்குக் கீழே முகம் முழுக்க அகலமான கருப்புக் கிரில், உயர்ந்த பானெட், பின்னால் சரிந்து இறங்கும் கூரை. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. தங்கமணி அதன் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்ன புள்ள இது? யாரு கூடச் சண்டைக்குப் போகுது?”

“சும்னே திட்டாதே. கம்பீரமா இருக்கு” என்றேன்.

“கம்பீரமா? பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. பின்னாடி போய்ப் பாரு. சன்னலா அது? உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னே தெரியாது.”

அவளுக்கு நேர்கோடுகள் பிடிக்கும். பெரிய கண்ணாடிகள், தாழ்ந்த சன்னல், பெட்டி போல நிமிர்ந்த டிக்கி, வட்ட விளக்கு. வண்டி எதிரே வந்தால் உள்ளே இருக்கிற ஆள் தெரியவேண்டும், கை காட்டினால் அவர்களும் கை காட்டவேண்டும் என்பாள். என் ஆசை அதற்கு நேர் எதிர். நான் வளர்ந்த சந்தில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் சாப்பிடுவது தெரியும். அவர்களுக்கு நாங்கள் சாப்பிடுவது தெரியும். யார் கண்ணிலும் படாமல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதுதான் எனக்குப் பெரிய சொகுசாகத் தோன்றியது. அந்தக் கோபமான முகமும் எனக்கு வேண்டியிருந்தது. ஸ்கூட்டரில் போகிற பெண்ணை இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் ஓரங்கட்டிவிட்டுப் போகிறார்கள்.

“நாம ஒதுங்கினது போதும் தங்கமணி. இந்த மூஞ்சியைப் பார்த்தா மத்தவன் ஒதுங்குவான்.”

“ஒதுங்குறவ உன்னையாட்டம் ஸ்கூட்டர்ல வர்ற இன்னொருத்தியா இருப்பா” என்றாள் அவள். டிபன் டப்பாவை மூடிவிட்டு, “எனக்குப் பிடிக்கல, விடு” என்று எழுந்துபோய்விட்டாள். அன்று மாலையே ஒரு வாடிக்கையாளரிடம் அதே காரை, ஒரு குறையும் சொல்லாமல், அழகாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒருமுறை ஓய்வு பெற்ற ஒரு தம்பதி மகனோடு வந்தார்கள். மகனுக்கு வெள்ளை நிறத்தில் அடக்கமான ஒரு கார் வேண்டும். அப்பா தலையாட்டினார். அம்மா எதுவும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கமணிக்கு அது பொறுக்கவில்லை. அருகில் போய் உட்கார்ந்து, “உங்களுக்கு எது பிடிச்சிருக்கும்மா?” என்று கன்னடத்தில் கேட்டாள். பெரிய சன்னல் வேண்டும், ஏறி இறங்கச் சுலபமாக இருக்கவேண்டும் என்று அந்த அம்மா சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பாள். அவரோ மெதுவாகக் கையை நீட்டி, மூலையில் நின்ற அந்தக் கருப்புக் கிரில் வண்டியைக் காட்டினார். அதுவும் சிவப்பு நிறத்தில் வேண்டும் என்றார். மகன் சிரித்தான். தங்கமணி சிரிக்கவில்லை. எழுந்து கதவைத் திறந்து, அவரை முன் இருக்கையில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கடைசியில் அவர்கள் அதையே வாங்கினார்கள்.

டீ குடிக்கும்போது கேட்டேன், “நீ சொல்லி மாத்தியிருக்கலாமே?”

“ஆசைப்படறவங்ககிட்ட வழக்குப் பேசக் கூடாது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனாலும் அந்தம்மாவுக்கு எதுக்கு அந்த மூஞ்சி?” என்றாள். நாள் முழுக்க அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டிலும் இதே தகராறு வந்தது. குமாரசாமி அண்ணன் தொழிற்சாலை வேலையில் இருந்தவர். முதன்முதலாகக் கார் வாங்க முடிவு செய்தபோது அவர் கேட்டது அந்த மாடலைத்தான், அதுவும் கருப்பில். வீட்டில் பல மாதம் வாக்குவாதம். ஒருநாள் அவரே ஷோரூமுக்கு வந்து அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். “நான் கஸ்டமர். எனக்கு வண்டி காட்டுங்க” என்றார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். தங்கமணி எழுந்து, “வாங்க சார்” என்று அழைத்துப்போய், விளக்கு, கூரை, டிக்கி என்று ஒன்று விடாமல் விளக்கினாள். டெஸ்ட் டிரைவுக்கும் கூடவே போனாள். திரும்பி வந்து புக்கிங் எழுதும்போது கணவரிடம் தாழ்ந்த குரலில், “நல்லா யோசிச்சுக்குங்க. தெனமும் வாசல்ல நின்னு என்னை முறைக்கும்” என்றாள். “பழகிரும்” என்றார் அவர்.

பழகவில்லை. அவர் காரில் போனார். அவள் ஸ்கூட்டரிலேயே வந்துகொண்டிருந்தாள். விசேஷங்களுக்குச் சேர்ந்து போகும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு, கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பாளாம். அண்ணன் இதை எங்களிடம் சொல்லி அலுத்துக்கொள்வார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு காருக்கு இவ்வளவா என்று எனக்கே சலிப்பாக இருந்தது.

பிறகு நோய் வந்தது. மருந்து ஏற ஏற முடி கொட்டியது, முகம் வீங்கியது. வேலைக்கு வருவது நின்றது. என்னால் முடிந்த நாட்களில் மருத்துவமனைக்குக் கூடப் போனேன். அண்ணன் அந்தக் கருப்புக் காரை ஓட்டுவார், நாங்கள் இருவரும் பின்னால். அப்படி ஒருநாள் சிக்னலில் நின்றபோது, பக்கத்தில் நம் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் கார் வந்து நின்றது. அவர் இந்தப் பக்கம் திரும்பினார். தங்கமணி சட்டென்று சாய்ந்து, சன்னல் முடிந்து, கூரையைத் தாங்கும் தடித்த தூண் தொடங்கும் இடத்தில் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிக்னல் விழுந்து அந்தக் கார் போனபிறகுதான் நிமிர்ந்தாள்.

“இந்தச் சன்னலை எதுக்கு இப்படிச் சின்னதா வெச்சான்னு இப்பத்தான் தெரியுது” என்றாள்.

அவளைச் சிரிக்கவைக்க நினைத்து, “அப்போ நான் சொன்னது சரின்னு ஒத்துக்கறியா?” என்றேன்.

“ஒத்துக்கல. மூஞ்சி இன்னும் பிடிக்கல. ஒளிஞ்சுக்க எடம் இருக்கு, அவ்வளவுதான்.”

இத்தனை வருடம் அவளோடு வாதாடி நான் கேட்க விரும்பிய வார்த்தைக்கு மிக அருகில் வந்தது அதுதான். அது கிடைத்தபோது எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. பெரிய கண்ணாடி வைத்த வண்டியில், ஊரே பார்க்க அவள் உட்கார்ந்து போகவேண்டும் என்றுதான் தோன்றியது.

அதன்பின் பல வாரம் அப்படியே போய்வந்தோம். போவது, காத்திருப்பது, திரும்புவது. ஒருநாள் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்ததும் அவள் பின்கதவைத் திறக்கவில்லை. முன்கதவின் பிடியில் கை வைத்து நின்றாள்.

“ஏனுங்க, நான் முன்னாடி உக்காந்துக்கறேன்.”

“வெயில் அடிக்குமே” என்றார் அண்ணன்.

“அடிக்கட்டும். ஒளிஞ்சு ஒளிஞ்சு சலிச்சுப் போச்சு.”

தலையில் துணி கட்டியபடி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். தேவராஜ மொஹல்லாப் பக்கம் வரும்போது கூட்டத்தில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. டெலிவரிக்குப் போகும் கார்களுக்கு அவள் மாலை வாங்குகிற பூக்காரம்மா கூடையோடு சாலையைக் கடந்தார். கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, ஒரு கணம் அடையாளம் தெரியாமல் நின்றார். பிறகு தெரிந்துகொண்டார். பக்கத்தில் வந்து, “எத்தனை நாளாச்சு மேடம், வேலைக்கு வர்றதில்லையா?” என்று கன்னடத்தில் கேட்டார். தங்கமணி கண்ணாடியை இறக்கி, “உடம்பு சரியில்லைம்மா” என்றாள். அந்த அம்மா ஒரு முழம் மல்லிகையை அவள் மடியில் போட்டார். தலையில் வைக்க முடி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், வண்டி நகர்ந்தது.

வீடு வரும்வரை பூவைக் கையிலேயே வைத்திருந்தாள். இறங்கும்போது, “கண்ணாடி இன்னுங் கொஞ்சம் பெருசா இருந்திருக்கலாம்” என்று கணவரிடம் சொன்னாள். அவர், “ஆமா, இருந்திருக்கலாம்” என்றார். அவர் அவளிடம் அதை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு அவள் வெளியே அதிகம் போகவில்லை.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். சென்ற வாரம் ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் கருப்புக் கிரில் வண்டியின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, “உங்களுக்குப் பிடிச்சிருக்கா மேடம்?” என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு நாம் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வோம். நானும் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். அன்று, “எனக்குப் பிடிக்கும். என்கூட வேலை பார்த்த ஒருத்திக்குப் பிடிக்கவே பிடிக்காது” என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் பின்கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, கதவை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தாள். இறங்கி வந்து, “அவங்க சொன்னது புரியுது. ஆனா எனக்கு இதுதான் வேணும்” என்றாள். புக்கிங் எழுதினேன்.

தங்கமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வார்த்தை: பிடிக்கல. எல்லாவற்றையும் அருமை, சூப்பர் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோகிற தொழில் நம்முடையது. அதற்குள் இருந்துகொண்டே, யாரையும் தாழ்த்தாமல், கேட்டவர் ஆசையையும் கெடுக்காமல் அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லிவிட்டு நம் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடவும் தெரிந்திருந்தது. என் வாயில் அது இன்னும் சரியாக வரவில்லை.