உச்சியைத் தொடாத கோடு

குற்றாலத்து அருவிக்கரையில் காவலுக்கு நின்ற அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்டதில்லை. நனைந்த காக்கிச் சட்டை, பல்லிடுக்கில் விசில். பேசும்போதுகூட அதை எடுக்கமாட்டார்.

மலைமேல் ஓடும் தண்ணீரின் மட்டத்தை ஃபோனில் கோடாகக் காட்டும் இணையப் பக்கத்தை எழுதியவன் நான். காலையில் ஒருமுறை காட்டியிருந்ததை மறுபடியும் பெருமையோடு அவரிடம் நீட்டினேன்.

"கோடு உச்சியைத் தொட்டாத்தான் ஆபத்து. இப்ப பாதியிலதான் நிக்குது."

அவர் அருவியைப் பார்த்தார். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியுமாக விழுந்தது.

"காலைலயும் பாதியிலதான நின்னுச்சு? தண்ணி ஏறுது, இது ஏன் சார் ஏறல?"

பதிலுக்குக் காத்திராமல் விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். குளித்தவர்கள் அலறியடித்துக் கரையேறினார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளத்தில் அவர்கள் நின்ற இடமே தெரியவில்லை.

அப்போதுதான் கோட்டுக்குப் பக்கத்திலிருந்த எண்களைப் பார்த்தேன். மட்டத்தைக் குறிக்கும் அந்த எண்வரிசை, அதாவது அச்சு, காலையில் ஐம்பது சென்டிமீட்டரில் முடிந்தது; இப்போது இருநூறில் முடிந்தது. அச்சுக்கு நான் மேல் எல்லை வைக்கவில்லை. தண்ணீர் ஏற ஏற அதுவும் தானாக ஏறிக்கொண்டே போயிருக்கிறது. எந்த வெள்ளத்திலும் அந்தக் கோடு உச்சியைத் தொடாது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவரிடம் என் தவறைச் சொன்னேன். அவர் கேட்டார்:

"இத எத்தன பேரு சார் பாக்காவ?"

"குளிக்க வாரவுக எல்லாரும் இதப் பாத்துட்டுத்தான் வாராவ."

அவர் வாயிலிருந்து விசில் நழுவிக் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

அங்கேயே உட்கார்ந்து அச்சுக்கு எல்லை வைத்தேன். அவர் விசில் ஊதியபோது தண்ணீர் இருந்த மட்டத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டேன். அதற்கு 'ஆபத்து' என்று பெயர் எழுதக் கை வரவில்லை. 'விசில்' என்று எழுதினேன்.