எல்லாத்துக்கும் இருநூறு

தம்மம்பட்டி விவசாயி ஒருவர் காலையில் போனில் கத்தினார். "நாலு நாளா தென்னம்பிள்ளை காயுது, போர்வெல் போடற லாரி எங்கே? உங்க வெப்சைட்ல பதிஞ்சப்ப வெற்றின்னு வந்துச்சே!"

எங்கள் திருச்செங்கோட்டு போர்வெல் ஆபீசுக்கு அப்படியொரு பதிவே வரவில்லை. ஆள் புளுகுகிறார் என்றுதான் நினைத்தேன்.

வெப்சைட் செய்துகொடுத்த ரபீக்கைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, "சர்வர் இருநூறுன்னு பதில் குடுத்திருக்குதுங்கக்கா. இருநூறுன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார்.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பேர், ஊர் எதுவும் போடாமல் வெறும் படிவத்தை நானே அனுப்பினேன். அதற்கும் இருநூறு, வெற்றி!

"ஏனுங்க தம்பி, ஊரே இல்லாத ஆளுக்கு எங்க போயி போர் போடறது?"

ரபீக் தலையைச் சொறிந்தார். "அந்த விவசாயி பின்கோடு போடலீங்க, அதனால பதிவாகலை. தப்புன்னா நானூறு வரோணும். நாந்தான் எல்லாத்துக்கும் இருநூறுன்னு எழுதிட்டேன்."

நம் பக்கம் எதைக் கேட்டாலும், செய்கிற எண்ணமே இல்லாவிட்டாலும், "ஆகட்டுங்க" என்பார்களே. சர்வரும் அதைப் படித்துக்கொண்டது போல.

விவசாயியிடம் மன்னிப்புக் கேட்டு லாரியை அனுப்பினேன். "இன்னிக்கே சரி பண்ணிருவீங்களா?" என்று ரபீக்கைக் கேட்டேன்.

"ஆகட்டுங்கக்கா."

இதை நான் இருநூறு என்று எடுத்துக்கொள்வதா, நானூறு என்றா? நீங்களே சொல்லுங்கள்.