கூப்பிட்டால் வரவேண்டிய யோயோ

உலகத்தில் கவனிக்கத் தகுந்த சுழற்சிகள் மொத்தம் இரண்டுதான். ஒன்று, பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்வது. இன்னொன்று, களக்காட்டில் எங்கள் முத்துராணி அத்தையின் நடுவிரலிலிருந்து இறங்கிச் சுற்றுகிற யோயோ. முதலாவது நின்றால் இரவும் பகலும் கொஞ்சம் குழம்பும், அவ்வளவுதான். இரண்டாவது நின்றால் வாழைக்காய் விலை விழும், பச்சையாறு பின்னோக்கி ஓடும், மலையில் கிடக்கிற புலியெல்லாம் இறங்கிவந்து என்ன ஏது என்று விசாரிக்கும். இதை நான் கையெழுத்துப் போட்டே தருவேன். பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று மட்டும் கேட்கக்கூடாது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வாழைத்தார் மண்டியில் காயைத் தரம் பிரித்து, சருகு சுற்றி, நாரால் கட்டி லாரிக்கு அனுப்புகிற வேலை. நானும் அங்கேதான் தார் சுமக்கிறேன். மாமா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர். போனவர் போனவர்தான்.

அந்த யோயோ, பக்கத்து வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த துபாய்ப் பையனுடையது. நல்ல அலுமினியம். கெட்டுப்போச்சு, கீழே போனால் மேலே வரமாட்டேன் என்கிறது என்று குப்பையில் போட்டுவிட்டு அவன் விமானம் ஏறிவிட்டான். அத்தை எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டாள். நான் போனில் பார்த்து அவளுக்கு விளக்கினேன்: இது கெடவில்லை, நடுவில் பேரிங் வைத்த வகை, சும்மா சுண்டினால் வராது, நூலை மடித்துக் கொடுத்து வித்தை காட்டினால்தான் ஏறும், பெரிய ஆட்டக்காரர்கள் இதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

"கூப்பிட்டா வரணும்லே" என்றாள் அத்தை. "கூப்பிட்டும் வராம இருக்கதுக்கு ஒம் மாமன் ஒருத்தன் போதும்."

அன்றிலிருந்து அதை வழிக்குக் கொண்டுவருவதே அவள் பிடிவாதமாயிற்று. முதலில் பேரிங்கில் தேங்காய் எண்ணெய் விட்டாள். அது மார்கழி மாதம். காலையில் எண்ணெய் உறைந்து பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும், யோயோ சமர்த்தாக மேலே வரும். வெயில் ஏறியதும் எண்ணெய் இளகிவிடும், யோயோ கீழேயே நின்று சுற்றிவிட்டுத் தூக்குப் போட்டதுபோல் தொங்கும். மண்டியே சிரித்தது. அரைநேர உத்தியோகம் பார்க்கிற யோயோ என்று பெயர் வைத்தது நான்தான். பிறகு சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி உள்பக்கம் ஒட்டினாள். அது காலைநேரத்தில் மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறிவந்து அவள் விரல் முட்டியைப் பதம் பார்த்தது.

நூல் அறுந்தபோது கையில் இருந்ததைக் கட்டினாள். வாழைநார். அத்தனை கனத்த தாரைத் தாங்குகிற நார் இதைத் தாங்காதா என்று எங்கள் ஊரில் எல்லாரும் நினைப்பார்கள். ஈரம் இருக்கும்வரை தாங்கியது. காய்ந்ததும் பட்டென்று அறுந்தது. யோயோ பறந்துபோய், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி கோமதிசங்கர் அண்ணாச்சியின் டீ கிளாசை உடைத்தது.

"ஏட்டி, இது மண்டியா, திருவிழாக் கடையா?" என்று எழுந்தார் அண்ணாச்சி.

"சாப்பாட்டு நேரத்துலதான் சுத்துதேன். அந்த நேரம் நீங்க தூங்குதீங்க. நான் ஏன்னு கேட்டனா?"

சுமைக்காரர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதால ஒனக்கு என்னட்டி பிரயோசனம்?"

"ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. எங்கிட்ட உள்ளதெல்லாம் யாருக்காவது பிரயோசனப்பட்டுக்கிட்டுதான் கெடக்கு. இது ஒண்ணு எனக்குன்னு சும்மா கெடக்கட்டும்."

பேச்சில் தோற்றால் முதலாளிமார் பந்தயம் வைப்பார்கள். "சரி. நாளைக்கு உச்சி வெயில்ல முற்றத்துல நின்னு சுத்து. நான் ஒரு டீ குடிச்சு முடிக்கது வரைக்கும் அது போயிப் போயி வரணும். வந்தா ஒன்ன எவனும் கேக்கமாட்டான். ஒரு தடவ தொங்குச்சு, ஆத்துல வீசிருவேன்."

"வீசுங்க" என்றாள் அத்தை.

அத்தை தோற்பாள் என்று நான் எல்லாரிடமும் பரோட்டாப் பந்தயம் கட்டினேன்.

மறுநாள் காலை அவள் தையல் நூலை முறுக்கிப் புது நூல் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பேரிங்கில் அதே தேங்காய் எண்ணெய். அவள் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது பையிலிருந்து யோயோவை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனேன். இரண்டு பாதியையும் திருகிப் பிரித்தேன். உறைந்த எண்ணெயை வழித்துவிட்டு, டிரைவரின் டப்பாவிலிருந்து கெட்டி கிரீஸ் அப்பினேன். கிரீஸ் எந்த வெயிலுக்கும் இளகாது, உச்சியிலும் பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும். பழையபடி மூடி வைத்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் மண்டியில் கேலிக்காரன் என்று ஒரு பெயர் இருக்கிறது.

உச்சிவேளை வந்தது. அத்தை யோயோவை எடுத்துக்கொண்டு கைகழுவுகிற குழாய்ப் பக்கம் போனவள் வர நேரமாயிற்று. பயந்துவிட்டாள் என்று நான் சத்தமாகச் சொன்னேன். வந்தாள். வெயிலில் நின்று கையை உதறினாள். யோயோ போனது, வந்தது. போனது, வந்தது.

அண்ணாச்சி அந்த டீயைக் கஷாயம்போல் குடித்தார். உதட்டை நனைப்பார், கிளாசைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார். அத்தையின் விரலில் நூல் இறங்கிச் சிவந்துவிட்டது. கை நிற்கவில்லை.

"ஆறிப்போச்சே அண்ணாச்சி. சூடா இன்னொண்ணு சொல்லட்டுமா?"

அண்ணாச்சி மிச்சத்தை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தார். "சுத்தித் தொல" என்றார். சுமைக்காரர்கள் விசில் அடித்தார்கள். நான் பரோட்டாக் கடன்காரனானேன். என் கிரீஸ் ஜெயித்துவிட்டதென்று உள்ளுக்குள் ஒரே ஆட்டம்.

அத்தை நேராக என்னிடம் வந்தாள். யோயோவைத் திருகிப் பிரித்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். பேரிங் பளபளவென்று இருந்தது. எண்ணெயும் இல்லை, கிரீசும் இல்லை.

"கையில எடுத்ததும் தெரிஞ்சிட்டு. குழாயடியில நின்ன ஒம் பைக்குப் பெட்ரோல எடுத்துதான் கழுவி விட்டேன். நூல பேரிங் மேல ரெண்டு சுத்துப் போட்டேன். அது பிடிச்சிக்கிடுது. நானாக் கண்டுபிடிச்சது. எவனும் எனக்குத் தடவிக் குடுக்க வேண்டாம்."

"எனக்கு என்ன தெரியும்? நான் ஒனக்கு எதிராத்தான பந்தயம் கட்டுனேன்."

"ஓகோ. அண்ணாச்சி கிளாசக் கீழ வச்சப்ப கண்ணத் தொடச்சது யாருலே?"

"வெயிலு அத்தை. கண்ணு கூசிட்டு."

"நீ கொட்டகைக்குள்ளல்லா நின்ன" என்றாள்.