பதினேழு ஒன்றுகள்

க்வோஸ்தென் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவன். அதில் கேவலம் ஒன்றுமில்லை. தன்னைக் கணித மேதை என்று நினைத்துக்கொண்டான் பாருங்கள், அதுதான் கேவலம்.

மொராவா ஆற்றங்கரையில் நாங்கள் உயிரோடு இருக்கும்போதே கல்லறைக் கல்லை நட்டுவிடுவோம். கல் வெட்டுவது நான். கல்லில் டிராக்டர் படம் கேட்பவனுக்கு டிராக்டர், அக்கார்டியன் கேட்பவனுக்கு அக்கார்டியன். இவன் கேட்டது ஓர் எண்: 11111111111111111.

"பதினேழு ஒண்ணு, மேஸ்திரி. எதாலயும் வகுபடாது. பகா எண்!"

இதற்காகச் சமையலறை மேசையில் இருபது வருடம் வகுத்தான். கூரை ஒழுகியது. விறகு பிளந்ததும் உருளைக்கிழங்கு தோண்டியதும் அவன் மனைவி ஸ்தமேனா. கேட்டால், "முப்பத்துநாலால வகுத்தா மீதி ஒண்ணு வர்ற எண்ணை மட்டும் போட்டுப் பாத்தா போதும், வேற எதுவும் இதை வகுக்காது" என்று நமக்கே பாடம் எடுப்பான். இருபது லட்சம் வரை பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தான். "இவ்வளவு தூரம் சிக்கல. இனிமே எங்க சிக்கப்போகுது?" சோம்பேறிக்கு அதுவே நிரூபணம்.

கல்லின் மேலே இருவர் முகத்தையும் செதுக்கினேன். கீழே அவன் பெயர், அதற்கும் கீழே எண். எண்ணுக்கு வலது பக்கம் கொஞ்சம் இடம் மிச்சம். "அங்க என் பேரை வெட்டுங்க" என்று ஸ்தமேனா என்னிடம் பலமுறை கேட்டாள். அவள் வாழ்நாளில் கேட்டது அது ஒன்றுதான். "அவசரம் என்ன?" என்பான் இவன்.

இறந்தவர்களுக்குப் படைக்கும் சனிக்கிழமை. ஊரே கல்லறைத் தோட்டத்தில் வேகவைத்த கோதுமையும் பிளம் சாராயமுமாக உட்கார்ந்திருந்தது. அவன் பீற்றல் தாங்காமல் எண்ணைக் கைபேசியில் தட்டினேன். குவளையைக் கீழே வைப்பதற்குள் விடை வந்துவிட்டது.

"க்வோஸ்தென், இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்து இருபத்துமூணால வகுபடுதுய்யா!"

"இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தா தொட்டிருப்பியேடா!" என்று யாரோ கத்த, சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்கும் பரம திருப்தி.

அவன் முகம் வெளுத்தது. பிறகு, "பத்தொம்பது ஒண்ணு?" என்றான்.

பார்த்தேன். அது பகா எண்தான்.

"அப்போ ரெண்டு ஒண்ணு சேத்துடுங்க. வலது பக்கம் எடம் இருக்குல்ல."

ஸ்தமேனா கோதுமைக் கிண்ணத்தைத் துணியால் மூடினாள். "அது என் பேருக்கு விட்ட எடம், மனுஷா."

"உன்னைத்தான் எல்லாருக்கும் தெரியுமே. பேரு எதுக்கு?"

அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். "வெட்டுங்க மேஸ்திரி. அப்படியே என் மூஞ்சியையும் தேச்சு எடுத்துடுங்க. நான் எங்க அப்பா அம்மா பக்கத்துல படுத்துக்கறேன்."

சிரிப்பு நின்றது.

திங்கட்கிழமை கல் தேய்க்கும் எந்திரத்தோடு போனேன். இரண்டு ஒன்றுகளைச் சேர்த்து வெட்டி, கருங்கல்லில் அவள் முகத்தையும் தேய்த்தெடுக்க மதியமாகிவிட்டது. அந்தத் தூசியில் அவன் என் பக்கத்திலேயே நின்றான், ஒன்றுகள் சரியாக இருக்கின்றனவா என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டு.