புதுச்சத்திரத்தில் நின்றுபோன வண்டி

ஆண்டவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் முதுநகரில் பிளவுஸ் தைக்கிற கிரேசி. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று உங்களில் பலருக்குத் தெரியும். இந்தச் சாட்சியும் அந்த வாயைப் பற்றியதுதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் ஒரே மகள் ஷீபாவின் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. அன்றைக்கு அடைமழை. அவளுக்கு பிரஷர் ஏறி, கண் மங்கி, சுருண்டு படுத்துவிட்டாள். வண்டிக்காக ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்றோம். ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்தத் தண்ணீரில் வர முடியாது என்றார்கள். கடைசியில் மீன் ஏற்றுகிற வண்டியில் பாயை விரித்து அவளைக் கொண்டுபோனோம். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் குத்தியது குத்தியதுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஷீபா மறுபடியும் உண்டானாள். இந்தத் தடவையும் பிரஷர் இருந்தது. சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்த்தோம். கண் மங்கினாலோ தலை வலித்தாலோ உடனே கிளம்பி வந்துவிட வேண்டும், வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று அங்கே சொல்லியிருந்தார்கள். மருமகன் திருப்பூரில் வேலை செய்கிறார். ஏழாம் மாதம் தொடங்கியதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தத் தடவை வாசலில் எங்கள் வண்டி நிற்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் பால்ராஜ் மார்க்கெட்டில் லோடு வண்டி ஓட்டுகிறவர். கார் ஓட்டத் தெரியும். ஆனால் எந்த பேங்கும் எங்களுக்குக் கடன் தராது. யாரோ வாங்கிய பைக்குக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அந்த ஆள் தவணை கட்டாமல் போய், இவருடைய சிபில் மார்க் நாசமாகிவிட்டது. அந்த யாரோ என் கூடப் பிறந்த தம்பி. அதனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை.

சிதம்பரத்தில் ஒரு பழைய கார் கடை. சிபில் பார்க்க மாட்டோம், ஆதார் இருந்தால் போதும், இன்றைக்கே வண்டி என்று பெரிய போர்டு வைத்திருந்தார்கள். போவதற்கு முன்னால் முழங்கால் போட்டு ஒரு அடையாளம் கேட்டேன். ஆண்டவரே, அங்கே எங்களுக்குக் கடன் கிடைத்தால் அது உம்முடைய சித்தம் என்று எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வந்தவர்கள் எல்லாருக்கும் கடன் கொடுக்கிற கடையில் போய் இப்படி ஒரு அடையாளம் கேட்ட புத்திசாலி நான் ஒருத்திதான்.

கடன் கிடைத்தது. அரை மணி நேரத்தில் கிடைத்தது. வெள்ளை நிறச் சின்னக் கார், பின் கதவில் ஒரு நசுங்கல். டேஷ்போர்டுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. இது என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஜிபிஎஸ் சார், தவணை சரியாகக் கட்டினால் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை என்றார் கடைக்காரர். கட்டாவிட்டால் என்ன என்று இவர் கேட்க வாயெடுத்தார். நல்ல காரியத்தில் குறுக்குக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் அடக்கிவிட்டேன். ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டோம். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அங்கே கவுண்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் சிவகாமி. முப்பது வயசு இருக்கும். நெற்றியில் பட்டையாக விபூதி. தவணையை மாதாமாதம் அவளிடம்தான் ரொக்கமாகக் கட்ட வேண்டும். போனில் அனுப்புகிற வசதியெல்லாம் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. வண்டி எதற்கு என்று கேட்டு வைத்திருந்தவள், ரசீது தரும்போது முதல் மாதமே, உங்க பொண்ணு எப்படி இருக்கும்மா என்று ஷீபாவை விசாரித்தாள். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்த நெற்றியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாட்சி என்று வந்த பிறகு இதை மறைக்கக் கூடாது.

இரண்டு தவணை சரியாகக் கட்டினோம். மூன்றாவது தவணை நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கல் வாங்கல் கிடையாது. கடையில் கறிவேப்பிலை வாங்கவும் மாட்டோம். என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். சனிக்கிழமையே போய்க் கட்டியிருக்கலாம். ஒரு கல்யாண வீட்டுக்கு ஆறு பிளவுஸ் தர வேண்டியிருந்தது, போகவில்லை. பணத்தை ஒரு கவரில் போட்டு, திங்கட்கிழமை கட்டிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சிவகாமி. இன்றைக்குத் தவணை நாள், ஆபீஸ் மதியம் வரைக்கும் திறந்திருக்கும் என்றாள். சுற்றி அத்தனை சகோதரிகள் நிற்கிறார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வைராக்கியம் வந்ததோ. பரிசுத்த நாளில் காசைப் பற்றிப் பேச வெட்கமாக இல்லையா, எங்களுக்குப் பணம் சாமி இல்லை, உங்களுக்கு வேண்டுமானால் இருக்கலாம் என்று சத்தமாகவே சொன்னேன்.

அவள் அமைதியாகத்தான் பேசினாள். "அம்மா, கோச்சிக்காதீங்க. நாளைக்குக் காலையில பத்து மணி ஆச்சுன்னா வண்டி அதுவாவே..."

நான் கட் பண்ணிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா என் தோளைத் தட்டி, சரியாகச் சொன்னாய் கிரேசி என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மதியம் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. ஷீபா காபி டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் தரையில் ஊற்றினாள். அம்மா, கண்ணு மங்குது என்றாள். அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.  ஆனால் வாசலில் வண்டி நின்றது. ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம். ஸ்தோத்திரம் ஆண்டவரே, இதற்குத்தானே இந்த வண்டியைக் கொடுத்தீர் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

புதுச்சத்திரம் தாண்டியதும் ஷீபாவுக்குக் குமட்டியது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம், எங்கே நின்றாலும் எஞ்சினை அணைத்துவிடுவார், டீசல் மிச்சமாம். அவள் வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து, மறுபடியும் உட்கார்ந்தாள். இவர் சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. மறுபடியும் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே அந்தப் பெட்டியில் விளக்கு சிவப்பாக எரிந்தது. மணி பத்து பத்து.

அப்போதுதான் நான் கட் பண்ணிய அந்தப் பாதிப் பேச்சு எனக்குப் புரிந்தது. பத்து மணிக்குள் தவணை விழாவிட்டால், அணைத்த வண்டியை அந்தப் பெட்டி மறுபடியும் கிளம்ப விடாது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம், வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். என் வீட்டுக்காரர் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினார். இரண்டு கார்கள் நிற்காமலே போய்விட்டன. ஒரு பஸ் நின்றது, ஷீபாவால் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, தலை வெடிக்கிறது என்று கத்தினாள். கண்டக்டர் பாவம், காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார். அவளை மறுபடியும் காரில் படுக்க வைத்தோம். அவளுடைய விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

பெண்கள் கூட்டத்தில் நான் ஜெபிக்க ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஜெபிப்பேன். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.  அடையாளம் கேட்கவில்லை, வாக்குத்தத்தம் சொல்லவில்லை. "ஆண்டவரே, தப்பு என்மேல. பிள்ளைய விட்டுடாதீங்க" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

போனை எடுத்து, முந்தின நாள் கட் பண்ணிய அதே நம்பருக்குப் போட்டேன். என்னை யார் என்று தெரிந்தால் எடுக்க மாட்டாளோ என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். மன்னிப்புக் கேட்டேனா, அழுதேனா, என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. பின்னால் ஷீபா கத்திக்கொண்டிருந்தாள். பணம் கவரில் இருக்கிறது, வந்த உடனே கட்டிவிடுகிறேன், வண்டியைத் திறந்துவிடம்மா என்று கெஞ்சினேன்.

கவுண்டரில் ரொக்கம் விழுந்து ரசீது போட்டால்தான் கம்ப்யூட்டர் வண்டியைத் திறக்குமாம். ரசீது போட்டுவிட்டுக் கல்லாவில் பணம் இல்லாவிட்டால் அவளுடைய வேலை போய்விடுமாம். முதலாளி விருத்தாசலம் போயிருக்கிறார், போனை எடுக்கவில்லை என்றாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்டது. 

"அம்மா, ரசீது போட்டுட்டேன். ரெண்டு நிமிஷம் ஆவும். லைட்டு பச்சையா மாறாம சாவியத் திருப்பாதீங்க. போன வைக்காதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

அந்த இரண்டு நிமிஷத்தை என்னவென்று சொல்வேன். என் வீட்டுக்காரர் சாவியில் கை வைத்தபடி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகளுடைய தலையை மடியில் பிடித்துக்கொண்டு அதே விளக்கைப் பார்த்தேன். சிவப்பு. சிவப்பு. பிறகு பச்சை. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. சிதம்பரம் போய்ச் சேருகிற வரைக்கும் சிவகாமி லைனில் இருந்தாள். எங்க வந்துட்டீங்க, எங்க வந்துட்டீங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உள்ளே தூக்கிக்கொண்டு போன பத்தாவது நிமிஷத்தில் ஷீபாவுக்கு வலிப்பு வந்தது. ஆனால் அப்போது அவள் டாக்டர்கள் கையில் இருந்தாள். ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இன்றைக்குத் தாயும் பிள்ளையும் நல்ல சுகம். அதோ பின் வரிசையில் பிஸ்கட் கேட்டு அழுகிறவள் அவள்தான்.

மூன்றாம் நாள் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கல்லாவில் போட்ட பணம் யாருடையது என்று சிவகாமியிடம் கேட்டேன். அன்றைக்குச் சாயந்திரம் கட்ட வேண்டிய அவளுடைய சீட்டுப் பணமாம். அந்த மாதம் அவளுக்குச் சீட்டு தவறிப்போய், சீட்டுக்காரம்மாவிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள். நான் அப்படித் திட்டியும் ஏன் செய்தாய் என்று கேட்டேன். சிரித்தாள்.

"கோவம் வந்துச்சும்மா, வராம என்ன. ஆனா அந்தப் பொண்ணு கத்துறது காதுல விழுந்துடுச்சே."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன். வண்டி வாங்க வந்தவர்கள் என்னமோ ஏதோ என்று பார்த்தார்கள்.

போன மாதம் பெண்கள் கூட்டத்தில் இந்தச் சாட்சியை முதல் தடவை சொன்னேன். முடித்ததும், அன்றைக்கு என் தோளைத் தட்டிய அதே அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சாட்சி அருமை, ஆனால் அந்தப் பெண்ணின் பெயரும் விபூதியும் எதற்கு, ஆண்டவர் ஒரு ஆளை அனுப்பினார் என்று சொல்லி முடித்துவிடு என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அவரிடம் சொன்னேன்: "அக்கா, வண்டி வேணும்னு கேட்டேன், அது ரோட்டுல நின்னுடுச்சி. பிள்ளைய விட்டுடாதீங்கன்னு கேட்டேன், சிவகாமி போன எடுத்தா. அந்தப் பேர எடுத்துட்டா நான் சொல்றது பொய்ச் சாட்சியா ஆயிடும்."

தவணை இன்னும் பதினாலு பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் சனிக்கிழமையே போய்க் கட்டிவிடுகிறேன். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போவேன், கவுண்டர் மேல் உட்கார வைத்து சிவகாமி கொஞ்சுவாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிக்கிறேன். ஜெபம் சின்னதாகிவிட்டது.

கஷ்டத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கேளுங்கள், நம்பிக் கேளுங்கள், அவர் பதில் தருகிறவர். ஆனால் போன் அடித்தால் யாராக இருந்தாலும் மரியாதையாகப் பேசுங்கள், பாதியில் வைத்துவிடாதீர்கள். பதில் எந்த நம்பரிலிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது.