நடை பார்க்கும் ஷூ

சென்ற மாதக் கடைசி ஞாயிறு. கொழிஞ்சாம்பாறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சானுக்குப் பார்க்கின்சன்ஸ். நோய் என்றாலே தேதிவாரியாகக் கேட்டுத் தொலைப்பது என் குணம். என்றைக்கு ஆரம்பித்தது, மாத்திரையை எப்போது கூட்டினார்கள்... பலர் என்னைக் கண்டாலே பேச்சை மாற்றிவிடுவார்கள். மச்சான் மட்டும் பொறுமையாகப் பதில் சொல்வார்.

அன்று சொல்லவில்லை. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே, நிலைப்படியில் நின்றிருந்தார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் — நகரவே இல்லை. அக்கா கைகொடுக்க எழுந்தாள்.

"கையப் புடிக்காதம்மா," என்றான் அவர்கள் மகன் செந்தில். "ரிப்போர்ட் நார்மல். பழக்கி உட்டீன்னா அப்பறம் தனியா எந்திரிக்கவே மாட்டாரு."

அவனுக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. மீட்டர் காட்டாத எதையும் நம்பாதவன்.

என்ன ரிப்போர்ட்? ஆஸ்பத்திரியில் ஒரு ஜோடி ஷூ கொடுத்திருக்கிறார்கள். அடியில் சென்சார். நடை தடுமாறினால், கால் உறைந்து நின்றால் பதிவாகிவிடும். ஒரு வாரம் மாட்டிக்கொண்டு வழக்கம்போல் இருக்கச் சொன்னார்களாம். பதிவைப் பார்த்த மலையாளி டாக்டர், "நடப்பெல்லாம் நல்லாயிட்டு உண்டு. வீட்டில நல்லா ரெஸ்ட் எடுக்கறார்," என்று சொல்லி, மருந்தை மாற்றாமல் அனுப்பிவிட்டார்.

"என்ன ரெஸ்ட்டோ," என்றாள் அக்கா. "முந்தாநேத்து பாத்ரூம் வாசல்ல உழுந்து இடுப்பெல்லாம் செவந்து கெடக்குது."

"அது கவனக்கொறவு," என்றான் செந்தில்.

ஷூவை எங்கே கழற்றுவார் என்று கேட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இதென்னடா கேள்வி? வாசல்லதான். ஊட்டுக்குள்ள ஆராச்சும் ஷூவோட வருவாங்களா?"

ஆக, தோட்டத்துப் பாதையில் மச்சான் நேராக நடந்ததை ஷூ பார்த்தது. நிலைப்படியிலும் பாத்ரூம் திருப்பத்திலும் அவர் உறைந்து நின்றபோது? வாசலில் செருப்புகளோடு கிடந்தது. ரெஸ்ட் எடுத்தது மச்சானல்ல!

கருவியைக் குறை சொல்லமாட்டேன். டாக்டர் அறையில் நன்றாக நடந்துவிட்டு வீட்டில் முடங்குவது இந்த நோயில் சகஜம் என்று படித்திருக்கிறேன். அதனால்தான் இப்படி ஒன்று தேவைப்படுகிறது. கட்டில்வரை ஷூவோடு போகிறவர்களுக்காக யாரோ செய்தது — போகட்டும். இங்கே எடுத்துக் கொடுத்தவர்கள்? அவர்களும் சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள்தானே? ஒருவருக்கும் தோன்றவில்லை. புதுக் கருவி ஒன்று வந்துவிட்டால் நம்மவர்கள் மூளையையும் வாசலிலேயே கழற்றிவிடுகிறார்கள்.

செந்திலை விரட்டி, அதே ஷூவை மறுபடி வாங்கிவரச் செய்தேன். அக்கா அதன் அடியைக் கழுவித் துடைத்து, "சாமி ரூமுக்கு மட்டும் வேண்டாமுங்க," என்று மச்சானுக்கு மாட்டிவிட்டாள்.

இந்த முறை ரிப்போர்ட்டில், அவர் வீட்டுக்குள் இருந்த நேரமெல்லாம் சிவப்புக் கோடு. டாக்டர் மருந்தை மாற்றினார். நிலைப்படி வந்தால் யாராவது கைகொடுத்தே ஆகவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

செந்தில் ரிப்போர்ட்டும் கையுமாக அப்பா முன்னால் வந்து நின்றான். "ஏனுங்ப்பா, இத்தன செரமம்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்ளா?"

"தெனமும் சொன்னனே," என்றார் மச்சான். "நம்பறதுக்கு நானென்ன மெசினா?"